அமிலாய்டோசிஸ்: எந்த புரோட்டீன்னு கேளுங்க

அமிலாய்டோசிஸ்னு ரிப்போர்ட்ல ஒரு வார்த்தைய பார்த்ததும் எல்லாரும் பண்றது ஒண்ணு தான், உடனே போன எடுத்து தேடி, முதல்ல வர்ற பக்கத்த படிச்சு, அதுல இத்தனை மாசம் தான் உயிரோட இருப்பாங்கன்னு போட்டிருக்கறத பார்த்து அப்படியே உடைஞ்சு போயிடறாங்க. ஆனா அந்த பக்கத்துல எழுதியிருக்கறது அவங்களுக்கு வந்திருக்கற வகைய பத்தியே இல்லாம கூட இருக்கலாம். ஏன்னா அமிலாய்டோசிஸ்ங்கறது ஒரு தனி நோய் கிடையாது, ஒரு பெரிய நோய்க் குடும்பம். உடம்புல இருக்கற ஏதோ ஒரு புரோட்டீன் உருவம் கெட்டுப்போய், நார் நாரா மாறி, இதயம், கிட்னி, நரம்பு, லிவர், குடல்னு உறுப்புகள்ல போய் படிஞ்சுடும், இது வரைக்கும் எல்லா வகைக்கும் பொது. அந்த கெட்டுப்போன புரோட்டீன் எதுங்கறத வச்சு தான் யாருக்கு வரும், எவ்வளவு வேகமா போகும், எந்த டாக்டர் பார்க்கணும், என்ன மருந்து, பிள்ளைகளுக்கு வருமா வராதா எல்லாமே மாறும். மனுஷ உடம்புல இப்படி மாறக்கூடிய புரோட்டீன் 40க்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க. பயப்பட வேண்டாம், அடிக்கடி பார்க்கறது ரெண்டு மூணு தான், அத புரிஞ்சுக்கிட்டா போதும்.

முதல்ல புரோட்டீன் எப்படி கெடுதுன்னு பார்த்துடலாம். புரோட்டீன்னா அமினோ ஆசிட்ங்கற சின்ன சின்ன துண்டுகள் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா கோர்த்த நீள சங்கிலி. செல்லுக்குள்ள அது உருவான கையோட தனக்குன்னு ஒரு வடிவத்துக்கு மடிஞ்சுக்கும், அந்த வடிவம் இருந்தா தான் அதால வேலை செய்ய முடியும். சில சமயம் மடிப்பு தப்பாகும், அது எல்லார் உடம்புலயும் தினமும் நடக்கறது தான், தப்பா மடிஞ்சத உடைச்சு அப்புறப்படுத்த உடம்புக்கு வழி இருக்கு. பிரச்சனை எப்போ வருதுன்னா, ஒரு புரோட்டீன் அளவுக்கு மீறி உற்பத்தி ஆகும்போது, இல்லன்னா ஜீன்ல ஒரு எழுத்து மாறி அந்த புரோட்டீனே நிலையில்லாம பிறக்கும்போது, இல்லன்னா வயசாக வயசாக அந்த கண்காணிப்பு தளரும்போது. அப்போ தப்பா மடிஞ்ச துண்டுகள் தட்டையா விரிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி அடுக்கிக்கிட்டே போகும். கிடைக்கறது சுமார் 10 நானோமீட்டர் தடிமன்ல கிளை விடாத ஒரு நார். வேற வேற புரோட்டீன்ல இருந்து வந்தாலும் இந்த நாரோட அடிப்படை அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதுவும் ரொம்ப உறுதியான அமைப்பு, உடம்புல இருக்கற என்சைம்களால அத சுலபமா உடைக்க முடியாது, அதனால தான் படிஞ்சது படிஞ்சபடியே சேர்ந்துக்கிட்டு போகுது.

இந்த நார் செல்லுக்கு வெளிய, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற இடத்துல படியும். இதயத்துல படிஞ்சா சுவர் தடிமனாகி விறைச்சுப்போகும், சுருங்கறது ஓரளவுக்கு நடக்கும் ஆனா தளர்ந்து ரத்தத்த வாங்கிக்க முடியாது. கிட்னியில படிஞ்சா வடிகட்டி ஓட்டையாகி ஆல்புமின்ங்கற ரத்தப் புரோட்டீன் யூரின்ல போக ஆரம்பிச்சுடும். நரம்புல படிஞ்சா மரத்துப்போகும், எரியும். இடத்த அடைச்சுக்கறது மட்டும் தான் பாதிப்புன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க, இப்போ தெரியறது என்னன்னா சில வகையில, முக்கியமா ஏஎல்னு சொல்ற வகையில (அது என்னன்னு அடுத்து சொல்றேன்), படியறதுக்கு முன்னாடி ரத்தத்துல சுத்தற அந்த புரோட்டீனே இதய செல்களுக்கு நேரடியா விஷம் மாதிரி வேலை செய்யுது. அதனால தான் அந்த வகையில மருந்து ஆரம்பிக்கறதுல ஒரு வாரம் கூட வீணாக்கக்கூடாதுங்கறாங்க.

சரி, வகைகள். பேர் வைக்கற முறை ரொம்ப சுலபம், முதல் எழுத்து ஏ, அது அமிலாய்டுக்கு, அதாவது இந்த நார் படிவுக்கு, அதுக்கு பின்னாடி வர்றது எந்த புரோட்டீன்னு சொல்லும்.

ஏஎல் வகையில கெடறது லைட் செயின். நம்ம எலும்பு மஜ்ஜையில பிளாஸ்மா செல்னு ஒண்ணு இருக்கு, கிருமிய எதிர்க்கற ஆன்டிபாடிங்கற புரோட்டீன தயாரிக்கறது அதோட வேலை. ஒவ்வொரு ஆன்டிபாடியிலயும் பெரிய துண்டு ரெண்டு, சின்ன துண்டு ரெண்டு இருக்கும், அந்த சின்ன துண்டு தான் லைட் செயின், அதுல கப்பா லாம்டான்னு ரெண்டு ரகம். ஏதோ ஒரு பிளாஸ்மா செல் தன்னையே நகல் எடுத்து ஒரு சின்ன கூட்டமா பெருகி ஒரே மாதிரி லைட் செயின கொட்டிக்கிட்டே இருந்தா, அந்த குறிப்பிட்ட லைட் செயினுக்கு நாரா மாறற குணமும் இருந்துட்டா, அது ஏஎல். பெரும்பாலும் லாம்டா தான். மல்டிபிள் மயலோமாங்கற ரத்தப் புற்றுநோய்லயும் இதே செல் தான் பெருகும், ஆனா ஏஎல்ல அந்த கூட்டம் பொதுவா சின்னதா தான் இருக்கும், பத்துல ஒருத்தருக்கு கொஞ்சம் மேல தான் ரெண்டும் சேர்ந்து இருக்கும். சின்ன கூட்டம் தானேன்னு விட முடியாது, ஏன்னா ஆபத்து செல்லோட எண்ணிக்கையில இல்ல, அது விடற சரக்குல இருக்கு. வருஷத்துக்கு பத்து லட்சம் பேர்ல சுமார் 10 பேருக்கு புதுசா வருது, பெரும்பாலும் 60 வயச ஒட்டி, ஆனா 40லயும் வரும். மூளைய தவிர கிட்டத்தட்ட எந்த உறுப்பையும் இது விட்டு வைக்கறதில்ல, இதயமும் கிட்னியும் தான் அதிகம் அடி வாங்கும். இது பரம்பரையா வராது.

ஏடிடிஆர் வகையில கெடறது டிரான்ஸ்தைரட்டின், சுருக்கமா டிடிஆர். இத பெரும்பாலும் லிவர் தான் தயாரிக்குது, தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏவையும் ரத்தத்துல சுமந்துக்கிட்டு போறது இதோட வேலை. நாலு ஒரே மாதிரி துண்டு சேர்ந்து ஒரு கட்டா இருக்கும், ஒவ்வொரு துண்டுலயும் 127 அமினோ ஆசிட். அந்த நாலும் சேர்ந்து இருக்கற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, கட்டு அவிழ்ந்து தனித்தனியா பிரியும்போது தான் தப்பா மடிஞ்சு நாராகுது. இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி மருந்து வேலை செய்யற விதம் இதுல தான் இருக்கு.

இதுல ரெண்டு உள்வகை. ஒண்ணு பரம்பரை. போர்ச்சுகலோட வடக்கு கடலோரத்துல குடும்பம் குடும்பமா இளம் வயசுலயே கால்ல சூடு வலி தெரியாம போய், நடக்க முடியாம, வயிறு ஓயாம போய் இறந்துக்கிட்டிருந்தாங்க. கொரினோ டி ஆண்ட்ராடேங்கற நரம்பு டாக்டர் அவங்கள வருஷக்கணக்குல கவனிச்சு 1952ல இது ஒரு தனி நோய்னு எழுதினாரு. அப்புறம் தான் தெரிஞ்சது, டிடிஆர் சங்கிலியில 30வது இடத்துல வேலின் இருக்க வேண்டிய எடத்துல மெத்தியோனின் உக்காந்திருக்கு, 127ல ஒண்ணு மாறினதுக்கு அவ்வளவும். ஸ்வீடனோட வடபகுதியிலயும் ஜப்பான்லயும் இதே மாற்றம் கூட்டமா இருக்கு. இப்போ டிடிஆர் ஜீன்ல இந்த மாதிரி மாற்றம் 120க்கு மேல தெரியும், சிலது நரம்ப அதிகமா தாக்கும், சிலது இதயத்த. 122வது இடத்துல வர்ற ஒரு மாற்றம் அமெரிக்காவுல இருக்கற ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்ல நூத்துக்கு மூணு நாலு பேர்கிட்ட இருக்கு, அது முக்கியமா இதயத்த தாக்கற ரகம், அவங்கள்ல நிறைய பேருக்கு பிபியால வந்த இதய வீக்கம்னு தான் சொல்லி அனுப்பியிருக்காங்க.

இன்னொண்ணு ஜீன்ல ஒரு மாற்றமும் இல்லாம வயசானதால வர்றது. 65, 70 தாண்டினவங்களுக்கு, பெரும்பாலும் ஆம்பளைங்களுக்கு, நல்ல டிடிஆரே மெதுமெதுவா கட்டு அவிழ்ந்து இதயத்துல படியும். அரிய நோய்னு தான் இதையும் சொல்லிக்கிட்டிருந்தாங்க, ஆனா 85 தாண்டி இறந்தவங்க இதயத்த பின்லாந்துல பரிசோதிச்சப்போ நாலுல ஒருத்தருக்கு இந்த படிவு இருந்துச்சு, எல்லாருக்கும் அது நோயா வெளிய வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆனா தேடாததால தான் அரிதா இருந்துச்சுங்கறது என் கருத்து. ஸ்பெயின்ல 2015ல வெளியான ஒரு ஆய்வுல, பம்ப்பிங் சரியா இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் வந்து அட்மிட் ஆன, இதய சுவர் தடிச்ச 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 13 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு.

ஏஏ வகைய சுருக்கமா சொல்லிடறேன். உடம்புல வருஷக்கணக்குல அழற்சி இருந்தா, ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சரியா குணமாகாத டிபி, நாள்பட்ட நுரையீரல் சளி நோய், குடல் அழற்சி, பரம்பரை மெடிட்டரேனியன் காய்ச்சல் இந்த மாதிரி, லிவர் சீரம் அமிலாய்டு ஏங்கற புரோட்டீன ஓயாம விட்டுக்கிட்டே இருக்கும், அது பெரும்பாலும் கிட்னியில படியும். மூல நோய அடக்கினா இதுவும் அடங்கும். இது தவிர பல வருஷம் டயாலிசிஸ் பண்றவங்களுக்கு மூட்டுல படியற ஒரு வகை இருக்கு. உடம்பு முழுக்க பரவாம தோல், மூச்சுக்குழல், யூரின் பைன்னு ஒரே எடத்துல மட்டும் இருக்கற வகையும் இருக்கு, அதுக்கு பெரும்பாலும் அந்த எடத்துல மட்டும் வைத்தியம் போதும், கீமோ எல்லாம் தேவைப்படாது. அல்சைமர் நோய்லயும் மூளையில அமிலாய்டு படியுது, ஆனா அந்த புரோட்டீன் வேற, அது மூளைய விட்டு இதயத்துக்கோ கிட்னிக்கோ வராது, அதே மாதிரி உங்களுக்கு ஏஎல் இருந்தா அல்சைமர் வரும்னு அர்த்தம் இல்ல. இத கேட்காத குடும்பமே கிடையாது.

இப்போ அறிகுறிக்கு வரலாம், இங்க தான் எல்லாரும் காலத்த கோட்டை விடறாங்க. கால் வீங்குதுன்னு ஒரு டாக்டர், மூச்சு வாங்குதுன்னு இன்னொருத்தர், கை மரத்துப்போகுதுன்னு எலும்பு டாக்டர், வயிறு சரியில்லன்னு குடல் டாக்டர், ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு சரியா தான் பார்ப்பாங்க, ஆனா நாலு ஃபைலையும் ஒரே மேஜையில வச்சு பார்க்கறவங்க யாரும் இருக்க மாட்டாங்க. 2015ல அமெரிக்காவுல வெளியான ஒரு சர்வேயில மூணுல ஒருத்தர் கிட்டத்தட்ட அஞ்சு டாக்டர் அல்லது அதுக்கும் மேல பார்த்த அப்புறம் தான் இந்த பேரையே கேட்டிருக்காங்க. தனித்தனியா பார்த்தா எல்லாமே சாதாரண தொந்தரவு, சேர்த்து பார்த்தா தான் சந்தேகம் வரும்.

யூரின் நுரைச்சு நுரைச்சு போறது, சுகர் இல்லாமலேயே யூரின்ல புரோட்டீன் நிறைய இருக்கறது, கால் வீக்கம். படி ஏறினா மூச்சு வாங்கறது, எக்கோவுல இதய சுவர் தடிச்சிருக்குன்னு வரும் ஆனா இசிஜியில அலைகள் சின்ன சின்னதா இருக்கும். இந்த ரெண்டும் சேர்ந்து வர்றது ரொம்ப முக்கியமான தடயம், பிபியால தசை வளர்ந்து தடிச்சிருந்தா இசிஜி அலை பொதுவா பெருசா இருக்கணும், இங்க தடிச்சிருக்கறது தசை இல்ல, நடுவுல புகுந்த படிவு, அதுல மின்சாரம் பிறக்காது. எல்லாருக்கும் இசிஜி சின்னதா இருக்கும்னும் இல்ல, ஏடிடிஆர்ல பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு அப்படி இருக்கறதில்ல, அதனால இசிஜி சரியா இருக்குன்னு மட்டும் சொல்லி கதவ சாத்திடக்கூடாது.

அப்புறம் பிபி. பத்து வருஷமா பிபி மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒருத்தருக்கு திடீர்னு மாத்திரையே தேவைப்படாம போகும், எழுந்து நின்னா தலை சுத்தும், கண்ணு இருட்டும். பிபி சரியாயிடுச்சுன்னு வீட்டுல சந்தோஷப்படுவாங்க. வயசானவருக்கு காரணமே இல்லாம பிபி தானா இறங்கினா அத நல்ல செய்தியா எடுத்துக்காதீங்க, தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஏஎல்ல மட்டும் வர்ற ரெண்டு அடையாளம் இருக்கு, நாக்கு பெருசாகி ஓரத்துல பல் தடம் பதிஞ்சு நிக்கறது, கண்ண சுத்தி அடிபடாமலேயே ஊதா நிறத்துல ரத்தம் கட்டறது. கண்ண கசக்கினாலோ பலமா இருமினாலோ கூட வந்துடும், ஏன்னா ரத்தக்குழாய் சுவர்ல படிஞ்சு அது பலவீனமாயிடுது. ஆனா இது குறைவான பேருக்கு தான் இருக்கும், இல்லன்னா ஏஎல் இல்லன்னு அர்த்தம் கிடையாது.

ஏடிடிஆருக்கு கை தான் தடயம். மணிக்கட்டுல ஒரு சின்ன சுரங்கம் இருக்கு, அது வழியா நரம்பும் தசைநாரும் போகுது, அங்க டிடிஆர் படிஞ்சா நரம்ப அழுத்தி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் ராத்திரியில மரத்துப்போகும், கார்பல் டனல்னு சொல்வாங்க. கம்ப்யூட்டர் வேலை பார்க்கறவங்களுக்கும் தைராய்டு இருக்கறவங்களுக்கும் வர்றது தான், ஆனா 60 தாண்டின ஒரு ஆம்பளைக்கு ரெண்டு கையிலயும் வந்து ஆபரேஷன் வரைக்கும் போனா, இதயத்துல பிரச்சனை தெரியறதுக்கு அஞ்சு பத்து வருஷம் முன்னாடியே உடம்பு சொல்லிட்டிருக்குன்னு அர்த்தம் இருக்கலாம். முதுகுத்தண்டு கால்வாய் சுருங்கறது, பெரிய பாரம் தூக்காமலேயே மேல்கை தசைநார் அறுந்துபோறது, இதெல்லாமும் அதே வரிசை. கார்பல் டனல் ஆபரேஷன் பண்ணும்போது வெட்டி எடுக்கற அந்த துளி திசுவ தூக்கிப் போடாம பரிசோதனைக்கு அனுப்பினா எத்தனையோ பேருக்கு வருஷக்கணக்குல நேரம் மிச்சமாகும், சில எடத்துல இப்போ அத பழக்கமாவே வச்சிருக்காங்க, எல்லா எடத்துலயும் வரணும்.

சந்தேகம் வந்தா எப்படி உறுதி பண்ணுவாங்க? திசு வேணும். நேரா இதயத்துலயோ கிட்னியிலயோ ஊசி போடணும்னு இல்ல, பெரும்பாலும் தொப்புள் பக்கத்துல வயித்து கொழுப்புல ஆரம்பிப்பாங்க. படுக்க வச்சு, அந்த எடத்த மரத்துப்போக வச்சு, கொஞ்சம் தடியான ஊசிய தோலுக்கு அடியில விட்டு சிரிஞ்ச இழுத்து, முன்னும் பின்னும் அசைச்சா மஞ்சளா சின்ன சின்ன கொழுப்பு துணுக்கு வரும், அவ்வளவு தான், அன்னைக்கே வீட்டுக்கு போகலாம். அத கண்ணாடித் தகட்டுல வச்சு காங்கோ ரெட்ங்கற சாயத்த போடுவாங்க. துணிக்கு சிவப்பு ஏத்தறதுக்காக 19ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில உண்டாக்கின சாயம் அது, 1922ல பென்ஹோல்ட்ங்கறவர் அது அமிலாய்டுல ஒட்டிக்குதுன்னு கவனிச்சாரு. சாதாரண வெளிச்சத்துல பார்த்தா இளஞ்சிவப்பா ஒரு பூச்சு மாதிரி தெரியும், அதுக்கு மேல பெருசா ஒண்ணும் தெரியாது. மைக்ரோஸ்கோப்ல ரெண்டு போலரைசர் வடிகட்டிய குறுக்க வச்சா சுத்தி எல்லாம் இருட்டாயிடும், அந்த இருட்டுல படிவு இருக்கற எடம் மட்டும் ஆப்பிள் பச்சை நிறத்துல ஒளிரும். நார் எல்லாம் ஒரே சீரா அடுக்கியிருக்கறதால சாயமும் சீரா போய் ஒட்டுது, அதனால வர்ற பச்சை அது. இன்னைக்கும் அமிலாய்டு இருக்குன்னு சொல்ல இந்த பச்சை தான் ஆதாரம். ஏஎல்ல வயித்து கொழுப்பு, எலும்பு மஜ்ஜை ரெண்டையும் சேர்த்து பார்த்தா பத்துல எட்டு பேருக்கு மேல கிடைச்சுடும், கிடைக்கலன்னா தான் பாதிச்ச உறுப்புல இருந்தே எடுக்கணும். வயசானவங்களுக்கு வர்ற ஏடிடிஆர்ல கொழுப்புல கிடைக்கற வாய்ப்பு ரொம்ப கம்மி, அதனால அது நெகட்டிவ்னு வந்தா முடிஞ்சுதுன்னு நினைக்க வேண்டாம்.

பச்சை வந்துடுச்சு, அமிலாய்டுன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, அப்போ வேலை பாதி தான் முடிஞ்சிருக்கு. ஏன்னா ஏஎல்லும் பச்சை தான், ஏடிடிஆரும் பச்சை தான், ஏஏவும் பச்சை தான். கண்ணால பார்த்து எந்த புரோட்டீன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த படிவ மட்டும் லேசரால வெட்டி எடுத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில போட்டு உள்ள இருக்கற புரோட்டீன நேரா படிக்கறது தான் இப்போ இருக்கறதுலயே நம்பகமான முறை. அந்த வசதி இல்லாத எடத்துல ஆன்டிபாடி சாயம் வச்சு பார்ப்பாங்க, அதுல சில சமயம் தப்பு வரும். உங்க ரிப்போர்ட்ல வகை போடலன்னா அந்த திசு பிளாக்க, அதாவது மெழுகுல பதிச்சு வச்சிருக்கற உங்க திசுவ, வாங்கி வசதி இருக்கற லேபுக்கு அனுப்ப முடியுமான்னு கேளுங்க, பழைய பிளாக்ல இருந்தும் பண்ணலாம், திரும்ப ஊசி போடணும்னு அவசியம் இல்ல.

இதோட கூடவே ரத்தத்துலயும் யூரின்லயும் சேர்த்து மூணு டெஸ்ட் கட்டாயம். ரத்தத்துல ஃப்ரீ லைட் செயின் (ஆன்டிபாடியோட ஒட்டாம தனியா சுத்தற லைட் செயின்) அளவு, ரத்தத்துல இம்யூனோஃபிக்சேஷன் (ஒரே மாதிரி ஆன்டிபாடியோ லைட் செயினோ இருக்கான்னு தேடற டெஸ்ட்), யூரின்லயும் அதே இம்யூனோஃபிக்சேஷன். வெறும் எலக்ட்ரோஃபோரெசிஸ், அதாவது புரோட்டீன்கள மின்சாரத்தால பிரிச்சு பார்க்கற டெஸ்ட், மட்டும் பண்ணி எம் பேண்ட் (ஒரே மாதிரி ஆன்டிபாடி குவிஞ்சா தெரியற கோடு) இல்ல, நார்மல்னு சொன்னா ஏத்துக்காதீங்க, ஏஎல்ல சரக்கு கொஞ்சமா தான் இருக்கும், அந்த டெஸ்ட்ல நிறைய பேருக்கு மாட்டாது.

ஏடிடிஆர் இதய வகைக்கு ஒரு நல்ல வழி வந்திருக்கு. எலும்பு ஸ்கேனுக்கு பயன்படுத்தற டெக்னீஷியம் பைரோபாஸ்ஃபேட்ங்கற மருந்த ஊசியில போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு படம் எடுப்பாங்க, சாதாரணமா எலும்பு மட்டும் தான் தெரியணும், ஏடிடிஆர் இருந்தா இதயம் விலா எலும்புக்கு சமமாவோ அதவிட அதிகமாவோ பளிச்னு தெரியும். அப்படி தெரிஞ்சு, மேல சொன்ன மூணு டெஸ்ட்டும் சுத்தமா இருந்தா, திசு எடுக்காமலேயே ஏடிடிஆர்னு உறுதி பண்ணலாம்னு 2016ல ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டுச்சு. அந்த ரெண்டாவது நிபந்தனைய தான் நிறைய எடத்துல மறந்துடறாங்க. ஏஎல் இதயமும் சிலருக்கு அதே ஸ்கேன்ல பளிச்னு வரும். மூணு டெஸ்ட்டும் பார்க்காம ஸ்கேன மட்டும் நம்பி ஏடிடிஆர்னு வீட்டுக்கு அனுப்பினா, அவசரமா கீமோ ஆரம்பிச்சிருக்க வேண்டிய ஒரு ஏஎல் நோயாளி மாசக்கணக்குல சும்மா இருப்பாரு.

எதிர்ப்பக்கமும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கு. 70 வயசு தாண்டினவங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேருக்கு ரத்தத்துல எம் புரோட்டீன்னு ஒண்ணு, அதாவது ஒரு பிளாஸ்மா செல் கூட்டம் விடற ஒரே மாதிரி ஆன்டிபாடி, சும்மாவே இருக்கும், பெரும்பாலானவங்களுக்கு அதால ஒரு கெடுதலும் வராது. கிட்னி வேலை குறைஞ்சாலும் லைட் செயின் கணக்கு மாறும். இப்போ ஏடிடிஆர் இருக்கற ஒரு தாத்தாவுக்கு தற்செயலா இந்த எம் புரோட்டீனும் இருந்தா என்ன ஆகும், அமிலாய்டு இருக்கு, எம் புரோட்டீனும் இருக்கு, அப்போ ஏஎல் தான்னு முடிவு பண்ணி அவருக்கு தேவையே இல்லாத கீமோவ கொடுத்துடுவாங்க, இப்படி நடந்த கேஸ்கள் மெடிக்கல் ஜர்னல்கள்லயே பதிவாகியிருக்கு. அதனால ரெண்டும் சேர்ந்து இருந்தா திசு எடுத்து வகைய உறுதி பண்றதுக்கு வேற குறுக்கு வழியே இல்ல.

வைத்தியத்துக்கு வரலாம். வீட்டுல குழாய் திறந்து கிடந்து தரையெல்லாம் தண்ணி நிக்குதுன்னா முதல்ல குழாய மூடணும், அப்புறம் தான் தண்ணிய வழிக்கணும். இப்போ இருக்கற மருந்து எல்லாமே குழாய மூடறது தான், படிஞ்சத வழிச்செடுக்கற மருந்து இன்னும் ஆராய்ச்சியில தான் இருக்கு. ஆனா சரக்கு வரத்து நின்னா உடம்பே பழைய படிவ மெதுவா, ரொம்ப மெதுவா கரைக்கும், கிட்னியும் இதயமும் தேற ஆறு மாசம், ஒரு வருஷம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். ரத்த ரிப்போர்ட் நல்லா வந்தும் ஏன் இன்னும் கால் வீங்குதுன்னு மனசு விட வேண்டாம்.

ஏஎல்ல குழாய்ங்கறது பிளாஸ்மா செல், அதனால பார்க்கறது ரத்தநோய் டாக்டர், மருந்து மயலோமாவுக்கு கொடுக்கறது தான். டாராடுமுமாப், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, போர்ட்டிசோமிப், டெக்ஸாமெத்தசோன் நாலையும் சேர்த்து கொடுக்கறது இப்போ முதல் வரிசை வைத்தியம். 388 பேர வச்சு நடந்த ஆண்ட்ரோமெடாங்கற டிரையல்ல டாராடுமுமாப் சேர்த்தவங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தத்துல அந்த லைட் செயின் முழுசா அடங்குச்சு, சேர்க்காதவங்கள்ல 18 சதவீதம் தான், அத வச்சு 2021 ஜனவரியில அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. இதயம் நல்லா இருக்கற சிலருக்கு சொந்த ஸ்டெம் செல் மாற்றமும் பண்ணுவாங்க. நீங்க இன்டர்நெட்ல படிச்சு பயந்த அந்த ஆறு மாச கணக்கு, இந்த மருந்தெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, இதயம் ரொம்ப கெட்ட பிறகு கண்டுபிடிச்ச ஏஎல் நோயாளிகளோட கணக்கு.

ஏடிடிஆர்ல குழாய் லிவர். அதனால தான் 1990ல ஸ்வீடன்ல பரம்பரை ஏடிடிஆருக்கு முதல் முதலா லிவர மாத்தினாங்க. கெட்ட டிடிஆர தயாரிக்கறத தவிர அந்த பழைய லிவர்ல வேற குறையே இல்லங்கறதால, உயிர் போகற நிலைமையில இருந்த வேற நோயாளிக்கு அந்த லிவரையே வச்சாங்க. வாங்கினவங்கள்ல சிலருக்கு சில வருஷம் கழிச்சு இதே நரம்பு நோய் வந்துச்சு. நோயோட ஊத்து எங்க இருக்குன்னு இதவிட தெளிவா எதுவும் சொல்ல முடியாது. இப்போ ஆபரேஷன் தேவை ரொம்ப குறைஞ்சிடுச்சு. டஃபாமிடிஸ்னு ஒரு மாத்திரை, அந்த நாலு துண்டு கட்டுக்குள்ள போய் உக்காந்து அவிழாம பிடிச்சுக்கும். 441 பேர வச்சு 30 மாசம் பார்த்ததுல மாத்திரை எடுத்தவங்கள்ல 29.5 சதவீதம் பேரும், எடுக்காதவங்கள்ல 42.9 சதவீதம் பேரும் இறந்தாங்க, 2019ல இதய வகைக்கு அமெரிக்காவுல அனுமதி வந்துச்சு. அதே வழியில வேலை செய்யற அகோராமிடிஸ் 2024ல வந்துச்சு. இன்னொரு வழி, லிவர் டிடிஆர தயாரிக்கறதையே நிறுத்தறது, செல்லுக்குள்ள அதுக்கான ஆர்என்ஏ செய்திய அழிக்கற ஊசி மருந்து. 2018ல வந்த பாட்டிசிரான் தான் இதுல ஆர்என்ஏ இன்டர்ஃபெரன்ஸ்ங்கற முறையில உலகத்துலயே முதல்ல அனுமதி வாங்கின மருந்து, அதுவும் இந்த அரிய நோய்க்காக. அடுத்து வந்த வுட்ரிசிரான் மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. ஜீனையே வெட்டி அமைதியாக்கற கிறிஸ்பர் முறைய மனுஷ ரத்தத்துல நேரா செலுத்தி முதல் முடிவு 2021ல வெளியானதும் இந்த நோய்ல தான். இந்த மருந்து எதுவும் விறைச்சுப்போன இதயத்த பழையபடி ஆக்காது, மேல கெடாம பிடிச்சு நிறுத்தும், அதனால எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறமோ அவ்வளவு மிச்சம்.

எந்த வகையா இருந்தாலும் இதயம் பாதிச்சிருந்தா சில மாத்திரைகள்ல கவனம் தேவை. சாதாரண ஹார்ட் ஃபெயிலியருக்கு கண்ண மூடிக்கிட்டு கொடுக்கற பிபி குறைக்கற மாத்திரைகள், பீட்டா பிளாக்கர் எல்லாம் இவங்களுக்கு ஒத்துக்காம போகும், விறைச்ச இதயத்தால ஒரு துடிப்புக்கு அனுப்பற ரத்தத்த கூட்ட முடியாது, துடிப்போட வேகத்த வச்சு தான் சமாளிச்சுக்கிட்டிருக்கு, அந்த வேகத்தையும் குறைச்சா மயக்கம் தான். வெரபமில், டில்டியாசம் தவிர்க்கறது நல்லது, டிகாக்ஸின் கொடுத்தா ரொம்ப ஜாக்கிரதையா கொடுக்கணும். நீர் இறங்கற மாத்திரையும் உப்ப குறைக்கறதும் தான் முதுகெலும்பு, தினமும் காலையில ஒரே நேரத்துல எடை பார்த்து குறிச்சு வைங்க, ரெண்டு மூணு நாள்ல சடார்னு ஏறினா அது கொழுப்பு இல்ல, நீர். இந்த மாத்திரை எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

புரோட்டீன் சேர்றதால வர்ற நோய் தானே, சாப்பாட்டுல புரோட்டீன குறைச்சா சரியாயிடுமான்னு கேட்கறாங்க. ஆகாது. நீங்க சாப்பிடற புரோட்டீன் வயித்துல உடைஞ்சு அமினோ ஆசிடா தான் ரத்தத்துக்கு போகுது, லைட் செயினும் டிடிஆரும் உடம்பே தயாரிக்கறது. ஏற்கனவே மெலிஞ்சுக்கிட்டே போற நோயாளிய பட்டினி போட்டா நிலைமை மோசமாகும், கிட்னிக்காக எவ்வளவு சாப்பிடணும்னு கிட்னி டாக்டர் சொல்றது தனி கணக்கு. தொத்து நோயும் கிடையாது, கூட உக்காந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம்.

ஏடிடிஆர்னு முடிவானா, வயசு எவ்வளவா இருந்தாலும் டிடிஆர் ஜீன் டெஸ்ட் ஒரு தடவை பண்ணிடணும். 75 வயசுக்காரர், வயசானதால வந்தது தான்னு விட்டுட்டா, அவருக்கே தெரியாம ஜீன்ல மாற்றம் இருந்து பிள்ளைங்களுக்கு போயிருக்கலாம். மாற்றம் இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக சரிபாதி வாய்ப்பு, ஆணா பொண்ணாங்கறது கணக்கே இல்ல. ஜீன் வந்துட்டா நோய் வந்தே தீரும்னும் இல்ல, சிலர் கடைசி வரைக்கும் ஒண்ணுமே இல்லாம இருந்துடறாங்க. அதனால 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு பொதுவா இந்த டெஸ்ட் பண்றதில்ல, வளர்ந்த பிறகு ஜெனட்டிக் கவுன்சிலர்கிட்ட பேசிட்டு தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. பாசிட்டிவ்னு தெரிஞ்சா, அந்த குடும்பத்துல வழக்கமா எந்த வயசுல நோய் ஆரம்பிக்குதோ அதுக்கு சுமார் பத்து வருஷம் முன்னாடி இருந்து நரம்பு டெஸ்ட், இசிஜி, எக்கோ, யூரின் எல்லாம் குறிப்பிட்ட இடைவெளியில பார்த்துக்கிட்டே வருவாங்க, முதல் அறிகுறி தெரிஞ்சதுமே மருந்து ஆரம்பிச்சுடலாம்.